மரக்குழாயில் மார்பைக் கேட்டவர்: டாக்டர் ரெனே லேனெக்



மார்ச் 24 உலக காசநோய் தினம். இந்தக் காலாண்டு இதழில் அதற்குப் பொருத்தமான ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லலாம் என்று ஆசிரியர் குழுவில் பேசினோம். கிருமியைக் கண்டுபிடித்தவர், மருந்தைக் கண்டுபிடித்தவர் என்று பல பெயர்கள் வந்தன. அவர்களுக்கெல்லாம் முன்னால் வாழ்ந்த ஒரு பிரெஞ்சு டாக்டரை நான் தேர்ந்தெடுத்தேன். அதற்குக் காரணம் நம் கிளப் ஹவுஸில் நடந்த மருத்துவ முகாம்.

அன்று என் முறை வந்தபோது, அந்த இளம் டாக்டர் என் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சை நன்றாக இழுத்து விடச் சொன்னார். பிறகு, ஒன்று ஒன்று என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். சின்ன வயதிலிருந்து எத்தனையோ டாக்டர்கள் இப்படிச் சொல்ல வைத்திருக்கிறார்கள். எதற்கு என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அன்று கேட்டேன். நுரையீரலுக்குள் குரல் எப்படி ஒலிக்கிறது என்பதை வைத்து உள்ளே சளி கட்டியிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று ஓரளவு ஊகிக்கலாம் என்றார். இதை முதன்முதலில் கண்டு எழுதி வைத்தவர் 200 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு டாக்டர் என்றும், அவரே காசநோயில்தான் இறந்தார் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அந்தக் கதைதான் இது.

அம்மாவை இழந்த பிள்ளை

ரெனே தியோஃபில் ஹயசிந்த் லேனெக் 1781 பிப்ரவரி 17 அன்று, பிரான்ஸின் மேற்கு ஓரத்தில் கடலை ஒட்டிய பிரிட்டனி பகுதியில், கெம்பேர் என்ற ஊரில் பிறந்தார். பிரிட்டனி என்பது பிரிட்டன் அல்ல. பிரெத்தோன் என்ற தனி மொழி பேசப்படும் பிரெஞ்சுப் பகுதி அது.

ரெனேக்கு 5 வயதானபோது அம்மா இறந்துவிட்டார். அதுவும் காசநோயாக இருந்திருக்கலாம் என்று வரலாற்று ஆசிரியர்கள் கருதுகிறார்கள். அப்பா வக்கீல். கவிதை எழுதுவதிலும் கையில் உள்ளதைச் செலவழிப்பதிலும் இருந்த ஆர்வம் பிள்ளைகளை வளர்ப்பதில் அவருக்கு இல்லை. பிள்ளைகள் உறவினர் வீடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ரெனே கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் நாந்த் நகரில் சித்தப்பா கியோம் வீடு. அந்தச் சித்தப்பா ஒரு டாக்டர். ரெனேயின் வாழ்க்கை திசை திரும்பியது அங்கேதான்.

அது பிரெஞ்சுப் புரட்சியின் காலம். வீட்டுக்கு எதிரே இருந்த சதுக்கத்தில் கில்லட்டின் நின்றது. தலைகள் விழுவதைப் பார்த்தபடியே அந்தப் பையன் வளர்ந்தான். 14 வயதில் நாந்த் மருத்துவமனையில் சித்தப்பாவிடம் தொழில் கற்கத் தொடங்கினான். காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டுப் போடுவதுதான் முதல் வேலை. இடையிடையே கிரேக்க மொழி படித்தான், புல்லாங்குழல் வாசித்தான். உருவத்தில் சிறியவன், ஒல்லி, அடிக்கடி மூச்சிரைக்கும். படிப்பில் மட்டும் சளைக்காதவன்.

1801-ல் பாரிஸ் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1803-ல் மருத்துவம், அறுவை மருத்துவம் இரண்டிலும் முதல் பரிசு அவருக்கே. அடுத்த ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார்.

தட்டிப் பார்க்கக் கற்ற இடம்

பாரிஸில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் கொர்விசார், நெப்போலியனின் சொந்த டாக்டர். மார்பை விரலால் தட்டி, வரும் ஒலியை வைத்து உள்ளே காற்று இருக்கிறதா, நீர் இருக்கிறதா என்று சொல்லும் முறையை மாணவர்களுக்குப் பழக்கியவர். அந்த முறையை 1761-லேயே ஆஸ்திரிய டாக்டர் ஆவன்புருகர் எழுதி வைத்திருந்தார். அவர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயில் எவ்வளவு மது மிச்சம் இருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர். அந்தப் புத்தகத்தை ஊர் உலகம் கண்டுகொள்ளவில்லை. 1808-ல் கொர்விசார் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது.

அந்தக் காலத்தில் காசநோயை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நாடி பார்ப்பார்கள். நோயாளி சொல்வதைக் கேட்பார்கள். உடல் இளைத்து, மாலையில் காய்ச்சல் வந்து, சளியில் ரத்தம் கண்டால் நோயை உறுதி செய்வார்கள். நம் ஊரில் இதை எலும்புருக்கி என்று அழைத்ததும் அந்தத் தோற்றத்தை வைத்துத்தான். ஆனால் எலும்பு தெரியும் அளவுக்கு ஆள் உருகிய பிறகு நோயைச் சொல்லி என்ன பயன்? உயிரோடு இருக்கும் மனிதரின் நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது என்று அறிய வழியே இல்லை. இறந்த பிறகு உடலைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

லேனெக்கின் நண்பர் பேல் என்ற டாக்டர் அதைத்தான் செய்தார். 900 உடல்களைத் திறந்து ஆராய்ந்து, காசநோயைப் பற்றி 1810-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். லேனெக்கும் நூற்றுக்கணக்கான உடல்களை ஆராய்ந்தவர். ஒருமுறை நோய் கண்ட முதுகெலும்பை அறுக்கும்போது ரம்பம் அவர் இடது கை ஆள்காட்டி விரலைக் கீறியது. பிறகு அந்த இடத்தில் ஒரு சிறு கட்டி வந்தது. அதை மருந்து வைத்துச் சுட்டு ஆற்றிக்கொண்டார்.

இதற்கிடையே வீட்டில் இழப்புகள் தொடர்ந்தன. 1810-ல் தம்பி மிஷோ காசநோயில் இறந்தார். 1816-ல் நண்பர் பேலும் அதே நோயில் போனார்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 1814-ல் நெப்போலியனின் போர்களிலிருந்து பாரிஸுக்கு வந்த நோயாளிச் சிப்பாய்களில் பிரிட்டனி கிராமத்துப் பையன்கள் பலர். பிரெஞ்சு தெரியாததால் எங்கே வலிக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாமல் செத்துக்கொண்டிருந்தார்கள். லேனெக் அனுமதி வாங்கி, அவர்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்து, அவர்கள் மொழியிலேயே பேசி வைத்தியம் பார்த்தார். நோயாளி பேசுவது புரியாமல் வைத்தியம் இல்லை என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

ஒரு சுருட்டிய காகிதம்

1816-ல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் லேனெக்குக்கு வேலை கிடைத்தது. அந்த ஆண்டுதான் அந்தச் சம்பவம் நடந்தது.

இதயக் கோளாறின் அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் வந்தார். உடல் பருமனாக இருந்ததால் தட்டிப் பார்த்ததில் ஒன்றும் விளங்கவில்லை. மார்பில் நேரடியாகக் காதை வைத்துக் கேட்கும் வழக்கம் ஹிப்போகிரட்டிஸ் காலத்திலிருந்தே உண்டு. ஆனால் வயதுப் பெண்ணின் மார்பில் அப்படிக் காது வைப்பது முறையல்ல என்று லேனெக் தயங்கினார்.

அப்போது அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நீளமான மர உத்தரத்தின் ஒரு முனையில் குண்டூசியால் கீறினால், மறுமுனையில் காது வைத்தவருக்கு அது தெளிவாகக் கேட்கும். உடனே சில காகிதத் தாள்களை இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையைப் பெண்ணின் மார்பில் வைத்து, மறுமுனையில் காதை வைத்தார். வெறும் காதால் கேட்டதைவிட இதயத் துடிப்பு தெளிவாகக் கேட்டது.

லூவர் அரண்மனை முற்றத்தில் குழந்தைகள் மரக்கட்டையை வைத்து விளையாடியதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. பள்ளிப் புத்தகங்களில்கூடப் படித்திருப்பீர்கள். லேனெக் தன் புத்தகத்தில் சொல்வது உத்தரமும் குண்டூசியும் மட்டுமே. குழந்தைகள் பிற்பாடு சேர்ந்துகொண்டவர்கள்.

அதோடு அவர் நிற்கவில்லை. எந்தப் பொருளில் ஒலி நன்றாக வருகிறது என்று பலவற்றில் சோதித்துப் பார்த்து, மரத்தைத் தேர்ந்தெடுத்தார். லேத் வாங்கித் தானே கடைந்தார். சுமார் ஓர் அடி நீளம், நடுவில் ஒரு துளை, எடுத்துச் செல்ல வசதியாக இரண்டாகக் கழற்றலாம். அவ்வளவுதான் முதல் ஸ்டெதாஸ்கோப். மார்பைப் பார்ப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து பெயர் வைத்தார். இரண்டு காதிலும் மாட்டும் இன்றைய வடிவம் 1850களில்தான் வந்தது.

மார்பு பேசியது

சுருட்டிய காகிதம் ஒரு நாள் யோசனை. அடுத்த மூன்று ஆண்டுகள் லேனெக் செய்ததுதான் உண்மையான வேலை. படுக்கை படுக்கையாகப் போய் ஒவ்வொரு நோயாளியின் மார்பையும் கேட்டார். கேட்டதை எழுதி வைத்தார். அந்த நோயாளி இறந்தால் உடலைத் திறந்து, எழுதி வைத்த ஒலிக்கும் உள்ளே இருந்த நிலைக்கும் பொருத்தம் பார்த்தார்.

அவர் கேட்ட ஒலிகளுக்கு அதுவரை பெயரே இல்லை. எனவே வீட்டிலும் தெருவிலும் கேட்கும் ஒலிகளோடு ஒப்பிட்டார். சூடான வாணலியில் உப்பு போட்டால் வெடிக்கும் சத்தம் ஒன்று. புறா குனுகுவது போல ஒன்று. ஆடு கத்துவது போல நடுங்கும் குரல் ஒன்று. பீங்கான் கோப்பையில் குண்டூசி பட்டது போன்ற மெல்லிய கிண்கிணி ஒன்று.

இவற்றில் பொதுவான இரைச்சலுக்கு அவர் வைத்த பிரெஞ்சுப் பெயர், மக்கள் பேச்சில் சாகக் கிடப்பவரின் தொண்டை இழுப்பைக் குறிக்கும் சொல்லும்கூட. படுக்கையில் கிடப்பவர் அதைக் கேட்டால் பயந்துவிடுவாரே என்று, நோயாளியின் முன்னால் மட்டும் அதற்குப் பதில் ஒரு லத்தீன் சொல்லைப் பயன்படுத்தினார். இன்றும் டாக்டர்கள் சொல்லும் ராங்கஸ் என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான்.

காசநோய்க்கு அவர் கண்ட முக்கியமான அடையாளம் குரல். நாம் பேசும்போது நல்ல நுரையீரலின் மேல் குழாயை வைத்துக் கேட்டால் தெளிவில்லாத ஒரு ரீங்காரம்தான் கேட்கும். நுரையீரல் பஞ்சு போல இருப்பதால் சொற்கள் அதில் அமுங்கிவிடும். ஒரு பெண் நோயாளியிடம் மார்பின் ஓரிடத்தில் குழாயை வைத்தபோது, அவர் பேசிய சொற்கள் குழாய் வழியாக நேராகக் காதுக்குள் வந்து விழுந்தன. மார்பே பேசுவது போல இருந்தது. மருத்துவமனையில் இருந்த மற்றவர்களிடமும் தேடினார். காசநோயாளிகள் சிலரிடம் அதே போலக் கேட்டது. அவர்கள் இறந்த பிறகு பார்த்தால், குரல் கேட்ட இடத்தில் நுரையீரலில் குழி விழுந்திருந்தது.

காரணத்தையும் கண்டுபிடித்தார். காசநோயில் நுரையீரலுக்குள் முதலில் சிறு மணிகள் போன்ற முடிச்சுகள் தோன்றும். அவை பெருத்து, மஞ்சளாகி, பாலாடைக்கட்டி போல இளகும். இளகியது பக்கத்தில் உள்ள மூச்சுக்குழாயை உடைத்துக்கொண்டு சளியாக வெளியேறும். மிச்சம் இருப்பது ஒரு குழி. அது மூச்சுக்குழாயோடு சேர்ந்திருப்பதால் தொண்டையின் குரல் அமுங்காமல் மார்புச் சுவர் வரை வந்துவிடும். மார்பு பேசுதல் என்று பொருள்படும் லத்தீன் பெயரையே அந்த அடையாளத்துக்கு வைத்தார். கிளப் ஹவுஸில் நான் ஒன்று ஒன்று என்று சொன்னதன் மூலம் இதுதான்.

1819-ல் இவை எல்லாவற்றையும் இரண்டு பாகங்களாகப் புத்தகமாக்கினார். புத்தகத்தோடு மரக்குழாயும் விற்பனைக்கு வந்தது. 1821-லேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. மூச்சுக்குழாய்கள் விரிந்துபோகும் நோயை முதலில் விவரித்ததும் அந்தப் புத்தகம்தான். கல்லீரல் சுருங்கும் நோய்க்கு இன்று நாம் சொல்லும் சிரோசிஸ் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததே.

எதிர்ப்பும் இருந்தது. அன்றைய பாரிஸின் புகழ்பெற்ற டாக்டர் புருசே, எல்லா நோய்க்கும் அழற்சிதான் காரணம் என்று சொல்லி அட்டை விட்டு ரத்தம் எடுப்பவர். அவர் லேனெக்கைக் கடுமையாகத் தாக்கினார். குழாயும் கையுமாகப் போகும் டாக்டரைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு.

தழும்பு தந்த நம்பிக்கை

நோயைக் கண்டுபிடித்தாயிற்று. மருந்து? லேனெக்கிடம் எதுவும் இல்லை. அதை மறைக்காமல் எழுதினார்.

ஆனால் உடல்களை ஆராய்ந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். வேறு நோயால் இறந்த சிலரின் நுரையீரலில் பழைய தழும்புகள் இருந்தன. எப்போதோ காசநோய்க் குழி விழுந்து, தானாக ஆறிப்போன தடங்கள் அவை. காசநோய் வந்தால் சாவுதான் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், குழி விழுந்த பிறகும் சிலருக்கு ஆறும் என்று அவர் சான்றோடு சொன்னார். உடலே இதை ஆற்றுகிறது என்றால், ஆற்றும் வழி ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று நம்பினார்.

அந்த வழி கடற்காற்றாக இருக்குமோ என்பது அவர் எண்ணம். பிரிட்டனியின் கடற்கரை ஊர்களில் இந்த நோய் குறைவு என்று அவருக்குத் தோன்றியிருந்தது. நோயாளிகள் எல்லோரையும் கடற்கரைக்கு அனுப்ப முடியாதே. அதனால் பாரிஸ் மருத்துவமனை வார்டுக்குள்ளேயே கடற்காற்றை உண்டாக்க, புதிய கடற்பாசியை வரவழைத்துக் கட்டில்களைச் சுற்றி வைத்துப் பார்த்தார். இன்று படிக்க விநோதமாக இருக்கிறது. கையில் மருந்தே இல்லாத ஒரு டாக்டர் சும்மா இருக்க மனமில்லாமல் செய்தது அது.

கண்ணெதிரே இருந்தும் காணாதது

இவ்வளவு கூர்மையாகக் கேட்டவர், ஒரு விஷயத்தைத் தவறவிட்டார். காசநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டும் என்பதை அவர் பெரிதாக நம்பவில்லை. அப்போது ஸ்பெயினிலும் இத்தாலியின் சில பகுதிகளிலும் காசநோயாளியின் துணிமணிகளை எரிக்கச் சட்டமே இருந்தது. பிரான்ஸில் டாக்டர்கள் பலரும் அதை மூடநம்பிக்கை என்று நினைத்தார்கள். ஆழ்ந்த, நீண்ட துக்கம்தான் இந்த நோயை வரவழைக்கிறது என்பது லேனெக்கின் கருத்து.

அதற்குச் சான்றாக அவர் ஒரு கன்னியர் மடத்தைக் காட்டினார். மிகக் கடுமையான விரதங்கள் கொண்ட மடம். 10 ஆண்டுகளாக அங்கே அவர் கண்ணெதிரே பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் காசநோயில் இறந்தார்கள். மடம் முழுவதும் இரண்டு மூன்று முறை புதிய ஆட்களால் நிரம்பியது. தப்பியவர்கள் யார் என்றும் எழுதியிருக்கிறார். மடத்தின் தலைவி, வெளி வாசலைக் கவனித்தவர்கள், தோட்டம், சமையலறை, நோயாளி அறை ஆகியவற்றில் வேலை செய்த சகோதரிகள். இவர்களுக்கு மனம் வேறு வேலையில் ஈடுபட்டதால் துக்கம் குறைவு, அதனால் தப்பினார்கள் என்று அவர் முடிவு செய்தார்.

இன்று அதே விவரத்தைப் படிக்கும் நமக்கு வேறொன்றும் தோன்றும். தப்பியவர்களில் பலர் தோட்டத்திலும் வாசலிலும் வெளிக்காற்றில் இருந்தவர்கள். மற்றவர்கள் மூடிய கட்டடத்துக்குள் ஒரே காற்றை ஆண்டுக் கணக்கில் சேர்ந்து சுவாசித்தவர்கள். இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறையின் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும் என்பது லேனெக்குத் தெரியாது. கிருமி என்ற எண்ணமே அப்போது டாக்டர்கள் நடுவில் வேரூன்றவில்லை. காசநோய்க் கிருமியை ஜெர்மனியின் ராபர்ட் கோக் அறிவித்தது 1882 மார்ச் 24 அன்று. அதனால்தான் அந்த நாள் உலக காசநோய் தினம். உடலின் எந்தப் பாகத்தில் வந்தாலும் அந்த முடிச்சுகள் ஒரே நோய்தான் என்று லேனெக் சொன்னதை அவருக்குப் பின் வந்த பெரிய டாக்டர்கள் சிலர் மறுத்தார்கள். அவர் சொன்னதே சரி என்று கோக்கின் கண்டுபிடிப்பு நிரூபித்தது.

அவர் மார்பைக் கேட்டவர்

புத்தகத்தை முடித்த கையோடு லேனெக் படுத்துவிட்டார். 1819-லேயே பாரிஸை விட்டு, பிரிட்டனியில் புளோவாரே அருகே இருந்த தன் கெர்லுவார்னெக் பண்ணை வீட்டுக்குப் போனார். தோட்டம் போட்டார், குதிரை ஏறினார். கடற்காற்றில் உடம்பு தேறியது. 1821-ல் மறுபடி பாரிஸ். அடுத்த இரண்டு ஆண்டுகளில் பேராசிரியர் பதவி, ஷாரிதே மருத்துவமனையில் வார்டு, மருத்துவ அகாடமியில் இடம் எல்லாம் வந்தன. பல நாட்டு மாணவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். பிரெஞ்சு புரியாதவர்களுக்காக லத்தீனில் பாடம் நடத்தினார். 1824 டிசம்பரில், தன் வீட்டை நிர்வகித்து வந்த ஜாக்கெட் அர்கூ என்ற விதவையை மணந்தார். அவர்களுக்கு வரவிருந்த குழந்தை கருவிலேயே கலைந்துபோனது.

புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்காக இரவும் பகலும் உழைத்தார். அது வெளிவந்த 1826-ல் இருமலும் காய்ச்சலும் மூச்சிரைப்பும் அதிகமாயின. உறவினரும் இளம் டாக்டருமான மெரியாடெக்கை அழைத்து, மரக்குழாயைத் தன் மார்பில் வைத்துக் கேட்கச் சொன்னார். மெரியாடெக் கேட்டதை விவரித்தார். அந்த ஒலிகளுக்கெல்லாம் பெயர் வைத்தவரே லேனெக்தான். மெரியாடெக் வேறு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மே மாதக் கடைசியில் பாரிஸை விட்டு மறுபடி கடற்கரைக்குப் புறப்பட்டார். முன்பு ஒருமுறை தேறியது போல இப்போதும் தேறலாம் என்ற நம்பிக்கை இருந்திருக்கும். இம்முறை கடற்காற்று உதவவில்லை. 1826 ஆகஸ்ட் 13 அன்று கெர்லுவார்னெக்கில் இறந்தார். வயது 45. கடைசி நேரத்தில் தன் விரல்களில் இருந்த மோதிரங்களை ஒவ்வொன்றாகத் தானே கழற்றி வைத்தார் என்று சொல்வார்கள். தான் போன பிறகு அந்த வேலை இன்னொருவருக்கு மனவேதனையாகிவிடக் கூடாது என்பதற்காக. உயிலில் மெரியாடெக்குக்குத் தன் மரக்குழாயை எழுதி வைத்தார். தான் விட்டுச் செல்வதில் மிக உயர்ந்தது அதுதான் என்று குறிப்பிட்டிருந்தார்.

நம் வீட்டுக்கு வந்த பாடம்

அந்த மருந்து வர இன்னும் 100 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின், 1950களில் ஐசோனியசிட். அதன் பிறகு ஒரு முக்கியமான கேள்விக்குப் பதில் கிடைத்தது நம் சென்னையில்தான். அதுவரை காசநோயாளியை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் வைத்துத்தான் வைத்தியம். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் வந்தது அப்படித்தான். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நெருக்கடியான அவர்கள் வீட்டிலேயே மாத்திரை தரப்பட்டது. மற்றவர்கள் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடு ஓய்வில் இருந்தார்கள். இரு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் வைத்தியம் பார்த்ததால் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாக வரவும் இல்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தை மாற்றியது.

இதை ஏன் நம் இதழில் எழுதுகிறேன் என்றால், என் சின்னத் தாத்தாவை நினைத்துத்தான். அவருக்கு இந்த நோய் வந்தபோது திண்ணையை ஒட்டிய ஜன்னலில்லாத அறையில் படுக்க வைத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர். அந்த டம்ளரை வேறு யாரும் தொடமாட்டோம். பாத்திரத்தாலும் துணியாலும் கைகுலுக்குவதாலும் இது பரவாது என்பது அன்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவருக்கும் எங்களுக்கும் தேவைப்பட்டது தனி டம்ளர் அல்ல, திறந்த ஒரு ஜன்னல்.

சில மாதங்களுக்கு முன் நம் குடியிருப்பில், இருமலோடு வந்த ஒரு வீட்டு வேலை செய்யும் அம்மாவை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சொன்னவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வேலை போய்விடும் என்று தெரிந்தால் அடுத்தவர் இருமலை மறைப்பார். மறைத்த நோய்தான் லிஃப்டிலும் ஏ.சி. போட்டு மூடிய அறையிலும் பரவும். எனவே நம் எல்லோருக்கும் சில வேண்டுகோள்கள்:

• இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அதோடு மாலைக் காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை, இரவில் வியர்வை, சளியில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும், தாமதிக்காமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஸ்டெதாஸ்கோப் மட்டும் போதாது. சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேவும் வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

• சாதாரண காசநோய்க்கு வைத்தியம் பொதுவாக 6 மாதம். ஒரு மாதத்தில் உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத நோயாகிவிடலாம்.

• சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே மற்றவருக்குப் பரவும் வாய்ப்பு பெருமளவு குறைந்துவிடும். டாக்டர் சொன்ன பிறகு அவர்கள் வேலைக்கு வரலாம். வரட்டும்.

• நம் வீட்டில் வேலை செய்பவர்கள், செக்யூரிட்டி, டிரைவர்கள் யாராவது தொடர்ந்து இருமினால், ஒரு நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

• காலையில் சிறிது நேரமாவது ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். கிளப் ஹவுஸில் கூட்டம் நடக்கும்போதும்.

அடுத்த முகாமில் டாக்டர் உங்கள் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒன்று ஒன்று என்று சொல்லச் சொன்னால், நன்றாக வாய் திறந்து சொல்லுங்கள். லேனெக் கையில் இல்லாத மருந்து இன்று நம் தெருமுனையில் இருக்கிறது.